பதினேழு வயது நாற்பத்து மூன்று நாள்

என் அண்ணனுக்கு அறுபது முடிந்துவிட்டது. தலையில் முடி இல்லை, இடது முட்டியில் ஜவ்வு இல்லை, மாடிப்படியில் கைப்பிடியை விட்டால் ஆளே இல்லை. ஆனாலும் இந்த நகரத்தில் அவனுக்குப் பெயர் 'குட்டி'. பேருந்து ஓட்டுகிறவர் ஜன்னலைத் திறந்து, "என்ன குட்டி, சௌக்கியமா?" என்று கேட்கிறார். முட்டிக்குத் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனால், "குட்டிக்கு முதல்ல குடுங்கப்பா" என்று வரிசை வழிவிடுகிறது. அவனும் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் ஆறடி உடம்பை வைத்துக்கொண்டு தலையை ஆட்டிச் சிரிப்பான்.

இந்த ஊர்க் கால்பந்து கிளப்பில் மிகச் சிறிய வயதில் கோல் போட்டவன் என்பதால் வந்த பெயர் அது. அன்று அவனுக்குப் பதினேழு வயது நாற்பத்து மூன்று நாள். கிளப்பின் வரலாற்றுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. போன மாதத்திலிருந்து மைதானத்து வாசலில் கருங்கல்லிலும் அப்படித்தான் இருக்கிறது.

அது பொய். அந்தப் பொய்க்கான சாமான் முழுக்க என் வீட்டிலிருந்து போனது என்பதால், அதைச் சொல்லும் உரிமையும் எனக்குத்தான் இருக்கிறது.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு ஆறரை வயது, அவனுக்கு எட்டு வயது நாலு மாதம். குடியேறுகிறவர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் அப்பா எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழையும் நீட்டினார். மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். அவருக்கு எங்கள் மொழியும் அரைகுறை, இந்த ஊர் மொழியும் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்தால் ஒன்று என்று கணக்குப் போட்டு வேலைக்கு வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அவர் வாசிக்க, குமாஸ்தா தட்டச்சு செய்தார். அண்ணன் பெயருக்கு நேரே என் பிறந்த தேதி விழுந்தது, என் பெயருக்கு நேரே அவனுடையது. மேலே முத்திரையும் விழுந்தது.

அப்பாவுக்கு இந்த ஊர் எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். வெளியே வந்து படியில் நின்று பார்த்தபோதுதான் தேதிகள் இடம் மாறியிருப்பது தெரிந்தது. உடனே அவருக்கு வேர்த்துவிட்டது.

"முத்திரை விழுந்தாச்சு. இனிமே அதைத் தொடக்கூடாது. ஒண்ணு தப்புன்னு போய் நின்னா, எல்லாமே தப்புன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவாங்க."

எங்களைப் போலப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. காகிதமும் ஆளும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆளைத் திருத்திக்கொள்வோம், காகிதத்தின் மேல் கை வைக்கமாட்டோம்.

அம்மா அதிலும் ஒரு லாபத்தைக் கண்டுபிடித்தாள். "பையனுக்கு ரெண்டு வயசு குறைஞ்சா நல்லதுதான். பாஷை கத்துக்க நேரம் கிடைக்கும்."

"பாப்பாவுக்கு?" என்று அப்பா என்னைப் பார்த்தார்.

"அவ கெட்டிக்காரி. சமாளிச்சுக்குவா."

பெண் பிள்ளையைக் கெட்டிக்காரி என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவள் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

அன்று மாலையே அப்பா சட்டம் போட்டார். வெளியில் இறங்கினால் நான் அக்கா, அவன் தம்பி. வீட்டுக்குள் வந்தால் அவன் அண்ணன், நான் பாப்பா. அண்ணனைத் தெருவில் வைத்து "வாடா, போடா" என்று கூப்பிடலாம் என்பது மட்டும்தான் இந்த ஏற்பாட்டில் எனக்குக் கிடைத்த சுகம். அதை வஞ்சனையில்லாமல் அனுபவித்தேன்.

பள்ளிக்கூடத்தில் அவனை ஆறு வயதுக் குழந்தைகளோடும், என்னை எட்டு வயதுக்காரர்களோடும் உட்கார வைத்தார்கள். என் கால் தரையைத் தொடவில்லை. அவன் முட்டி மேசைக்கு அடியில் நுழையவில்லை. பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் தலைமையாசிரியை படித்தவர். "அவங்க நாட்டுல பசங்க வாட்டசாட்டமா வளருவாங்க, பொண்ணுங்க சின்னதா இருப்பாங்க" என்று மற்ற ஆசிரியைகளுக்கு விளக்கினார். யாரும் அதற்குப் பிறகு எங்களை உற்றுப் பார்க்கவில்லை.

விளையாட்டு நேரத்தில் அவன் ஓடினால் எதிரே நின்ற பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்காத பிள்ளைகள் விழுந்தன. ஒரு நாள் கிளப்பின் பயிற்சியாளர் வேலி ஓரம் நின்று இதைப் பார்த்துவிட்டு, இதற்குத் திறமை என்று பெயர் வைத்தார். அதே வருஷம் எனக்குப் பெருக்கல் வராததைப் பார்த்து என் ஆசிரியை மந்தம் என்று பெயர் வைத்தார். அவனுக்குக் கிளப்பின் பையும் காலணியும் வந்தன. எனக்கு ஒவ்வொரு வருஷமும் 'முயற்சி போதாது' என்று எழுதிய மதிப்பெண் அட்டை வந்தது. நான் சமாளித்த லட்சணம் இதுதான். இரண்டு தடவை கடைசிப் பரீட்சையில் தோற்று, காகிதத்தில் பதினெட்டு, உடம்பில் பதினாறு வயதாக இருக்கும்போது சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரி விரிப்புகள், விடுதித் தலையணை உறைகள், திங்கட்கிழமைகளில் கிளப்பின் ஜெர்சிகள். அவற்றைக் கறை வாரியாகப் பிரிப்பது என் வேலை. ரத்தம் குளிர்ந்த தண்ணீருக்கு, எண்ணெய் சுடுதண்ணீருக்கு, சேறு காய்ந்த பிறகு உதறுவதற்கு. அப்படி ஒரு திங்கட்கிழமைதான் அண்ணனின் பதினான்காம் எண் ஜெர்சி என் மேசைக்கு வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் அவன் அந்தக் கோலைப் போட்டிருந்தான். ஊரே அதைப் பேசியது. தலையால் முட்டியதாக வீட்டில் அவன் சொன்னான். 'உடலை நுட்பமாகத் திருப்பிப் பந்தின் வேகத்தைத் தன்வசப்படுத்தினான்' என்று பத்திரிகை எழுதியது.

ஜெர்சியின் முதுகில், ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவில், பந்தின் தையல் வரிகூடத் தெரிகிற மாதிரி வட்டமாக ஒரு சேற்று முத்திரை இருந்தது.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவனை இறக்கியிருக்கிறார்கள். அவன் தப்பான இடத்தில் போய் நின்றிருக்கிறான். பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்திக் கூப்பிட, இவன் மரியாதையாகத் திரும்பி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறான். பந்து வந்து முதுகில் பட்டு வலைக்குள் போய்விட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பழக்கத்தை அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த வகையில் அது வளர்ப்பின் வெற்றிதான். சாட்சியை நானே சோப்புப் போட்டுத் துவைத்து, மடித்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு பதினோரு பருவம் விளையாடினான். எல்லாப் பையன்களும் பதினெட்டு, பத்தொன்பதில் வளர்ந்தார்கள். இவன் ஏற்கெனவே வளர்ந்து முடித்திருந்தான். மூன்று ஊர்க் கிளப்புகளுக்கு இரவல் கொடுத்தார்கள். இரவல் புத்தகத்தைப் போல, மூன்று பேரும் பிரித்துப் பார்க்காமலே திருப்பி அனுப்பினார்கள். மொத்தம் ஒன்பது கோல். அதில் ஒன்று சொந்த வலைக்குள்.

உழைக்கவில்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். விடிவதற்கு முன்னால் எழுந்து குடியிருப்பின் பதினோரு மாடியையும் முட்டியில் கட்டோடு ஏறி இறங்குவான். வெளியூர் ஆட்டம் ஒன்றில் நாலாயிரம் பேர் அவன் நிறத்தைப் பார்த்து மிருகம் மாதிரிக் கத்தினார்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அன்று நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஊர்ப் பத்திரிகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அதில் ஒரே ஒரு சொல்லைத்தான் அடையாளம் தெரியும். நாங்கள் விட்டுவிட்டு வந்த நாட்டின் பெயர். ஞாயிறு காலை பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். அண்ணன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருந்தால், "தோத்துட்டாங்க" என்று மடித்து வைத்துவிடுவார். இல்லாவிட்டால் ஜெயித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு தடவைகூட அவர் சொன்னது தவறவில்லை.

முட்டி போன பிறகு கிளப் அவனை 'நல்லெண்ணத் தூதர்' ஆக்கியது. வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுக்கிற வேலைக்கு அப்படி ஒரு பெயர். முப்பது வருஷமாகக் கை கொடுக்கிறான். போன வருஷம் ஒரு பையன் பதினேழு வயது அறுபது நாளில் கோல் போட்டு, சாதனை பதினேழு நாளில் தவறிப்போனதே என்று உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். என் அண்ணன் போய்த் தோளில் தட்டி, "விடுப்பா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னானாம். அடுத்த தடவை அந்தப் பையனுக்கு எப்படி வயது குறையும்? இவனுக்கு ஒரு தடவை குறைந்ததால் எல்லோருக்கும் குறையும் என்று நினைத்துவிட்டான்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே கடந்து போயிருப்பேன். எனக்கு அறுபது வந்துவிட்டது என்று சலவைக்கூடத்து மேலாளர் கடிதம் கொடுக்கும்வரை.

நாற்பத்திரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்துத் தலைமைப் பொறுப்புக்கு வந்திருந்தேன். விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற பெரிய இயந்திரம் வேண்டும் என்று பதினோரு வருஷம் கேட்டு, கடைசியில் அனுமதி வாங்கி, நானே மூன்று தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அது இரண்டு மாதத்தில் வருவதாக இருந்தது. என்னை அந்த மாதக் கடைசியில் அனுப்புவதாகக் கடிதம் சொன்னது. எனக்கு அறுபது ஆகவில்லை. ஐம்பத்தெட்டுதான். இன்னும் ஒரு வருஷம் பத்து மாதம் என்னுடையது. வீட்டில் எனக்காகக் காத்திருப்பது ஒரு டிவி மட்டும். எனக்கு அந்த இயந்திரம் வேண்டும், அந்த நாள்கள் வேண்டும்.

பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"திருத்தலாம்மா. ஆனா ரெண்டு பேரும் ஒரே ஃபைல்ல இருக்கீங்க. உங்க தேதி மாறினா அவர் தேதியும் மாறும். ரெண்டு ஒரிஜினல் சான்றிதழும் வேணும், அவர் கையெழுத்தும் வேணும்."

சான்றிதழ்கள் இருக்கும் அப்பாவின் தகரப்பெட்டி அண்ணன் வீட்டில், கோப்பைகள் வைத்த அலமாரிக்கு அடியில் இருக்கிறது. போய்க் கேட்டேன். அவன் முகம் செத்துவிட்டது. தேதி திரும்பினால் கோல் போட்ட அன்று அவனுக்குப் பத்தொன்பது ஆக இரண்டே வாரம். பத்தொன்பது வயதில் முதுகால் கோல் போட்டவனுக்கு யார் கல் வைப்பார்கள்?

அப்போது மைதானத்து வாசலில் வைக்கக் கல் தயாராகிக்கொண்டிருந்தது. கோல் போட்ட நாற்பதாவது ஆண்டில் வைப்பதாக இருந்தார்கள். மறந்துவிட்டார்கள். அதனால் நாற்பத்தோராவது ஆண்டில் வைத்தார்கள்.

"பாப்பா, விழா மட்டும் முடியட்டும்" என்றான். "நீ வந்து ரெண்டு வார்த்தை பேசணும்னு கிளப் செயலாளர் ஆசைப்படறாரு. குட்டியை வளர்த்த அக்கான்னு. பேசிட்டு வா. மறுநாளே கையெழுத்துப் போடறேன்."

"சத்தியமா, அண்ணா?"

"உங்கிட்ட பொய் சொல்வேனா?"

மற்ற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான், என்னிடம் சொன்னதில்லை. நம்பினேன்.

விழா அன்று கிளப் அவனுக்குச் சின்னம் தைத்த கருநீலக் கோட்டு ஒன்றைப் போட்டுவிட்டது. செயலாளர் திரையை விலக்கினார். வழவழப்பான கருங்கல்லில் அவன் பெயர், அதன் கீழே பதினேழு வயது நாற்பத்து மூன்று நாள். கூட்டம் "குட்டி, குட்டி" என்று கத்தியது. பிறகு என் கையில் மைக் வந்தது.

தம்பியைப் பற்றிப் பெருமையாக இரண்டு வார்த்தை மனப்பாடம் செய்துதான் போயிருந்தேன். கல்லைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. அவன் கோல் போட்ட அந்தச் சனிக்கிழமையை நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். சுடுதண்ணீர்க் குழாய் வெடித்துக் கை வெந்து, ஊதிக்கொண்டே வேலை பார்த்த நாள் அது.

"இந்தக் கல்லுல இருக்கிற வயசு இவரோடது இல்லை" என்றேன். "என்னோடது. அன்னைக்குப் பதினேழு வயசு நாப்பத்து மூணு நாள் ஆனது எனக்குத்தான். நான் இவருக்கு அக்கா இல்லை, தங்கச்சி. எனக்கு இன்னும் அறுபது ஆகலை."

 கூட்டம் வெடித்துச் சிரித்தது. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தீங்களா, பெண்கள் வயசை எப்படிக் குறைக்கறாங்கன்னு!" என்றார். முன்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டினார். நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை ஊர் முன்னால் உண்மையைச் சொன்னேன், அன்றைய விழாவிலேயே நல்ல நகைச்சுவை அதுதான் என்று மறுநாள் பத்திரிகையில் போட்டார்கள்.

அண்ணன் மைக்கை வாங்கினான். சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "எங்க அக்கா எப்பவும் இப்படித்தான்" என்றான். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

அவன்தான் என்னை வண்டியில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.  இரண்டு தெரு தாண்டியதும், "ஏன்க்கா இப்படி மானத்தை வாங்கின?" என்றான்.

ஜன்னல் கண்ணாடிகள் மூடியிருந்தன. வண்டிக்குள் அவனும் நானும்தான். அப்பாவின் சட்டப்படி பார்த்தாலும் அது வெளியிடம் இல்லை. அங்கேயும் என்னை அக்கா என்றதை அவன் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்குக் கையெழுத்து" என்றேன்.

"கல்லுல செதுக்கிட்டாங்க. இனிமே அதைத் தொடக்கூடாது." அச்சு அசல் அப்பாவின் குரல். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கையே பார்த்தான். "அது போச்சுன்னா எங்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு. உனக்குன்னா ரெண்டு வருஷம் ஓய்வு. நீ எப்படியும் சமாளிச்சுக்குவ."

அவன்மேல் பரிதாபமாக இருந்தது. அது உண்மை. அந்தப் பரிதாபத்தைவிடக் கோபம் இரண்டு மடங்காக இருந்தது. அதுவும் உண்மை. பச்சை விளக்கு விழுவதற்குள் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனேன்.

பதினேழு நாள் கழித்து என் கடைசி வேலைநாள். சலவைக்கூடத்துப் பெண்கள் '60' என்று எழுதிய கேக் வைத்தார்கள். வெட்டினேன். புது இயந்திரத்துக்காகச் சுவரோரம் காலி செய்து வைத்திருந்த இடத்தைப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். எனக்கு வாழ்த்துச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். "குட்டி, குட்டி" என்று ஒருத்தி கேக் துண்டை நீட்டினாள். அவன் சாப்பிட்டுவிட்டு, கையில் இருந்த பையை என் மேசைமேல் வைத்தான். உள்ளே அந்தக் கருநீலக் கோட்டு. சின்னத்தின்மேல் குழம்பு மாதிரி ஏதோ கொட்டியிருந்தது.

"சனிக்கிழமைக்குள்ள வேணும்க்கா. கல்லு பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுக்கறாங்களாம். உன்னை மாதிரி கறை எடுக்க யாருக்கும் வராது."

கறையைப் பார்த்தேன். எண்ணெய்க் கறை. சுடுதண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போய்விடும். கோட்டை மடித்து, பையில் போட்டு, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"அக்காவுக்கு அறுபது ஆயிடுச்சுடா தம்பி, இனிமே முடியாது. உனக்குத் தங்கச்சி யாராவது இருந்தா, அவகிட்டக் கொடுத்துப் பாரு."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாப்பா..." என்றான். நான் ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.